சோதனையில் இல்லை என்றாகிவிட்டது. மனசில் ஏன் இன்னும் பயம்?

(கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது)



எச்.ஐ.வி. என்றால் என்ன, அது எப்படிப் பரவும், எப்படித் தடுப்பது என்று பல பிரசுரங்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். இந்தப் பிரசுரம் வேறு ஒரு சங்கடத்தைப் பற்றியது. இரத்தம் கொடுத்து, சோதனை செய்து, "உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை" என்று தெளிவாகச் சொன்ன பிறகும் சிலருக்குப் பயம் விடுவதில்லை. ஒரு வாரம் நிம்மதியாக இருப்பார்கள். பிறகு "மெஷின் தப்பாகக் காட்டியிருக்குமோ? என் இரத்தம் மாறிப் போயிருக்குமோ?" என்று மறுபடி ஆரம்பித்துவிடும்.

இதைச் சிலர் "சும்மா மனப்பிராந்தி" என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிவிடக் கூடிய விஷயம் அல்ல இது. இதனால் தூக்கம் போகிறது, வேலை கெடுகிறது, கூலிப் பணம் சோதனைக்கூடத்துக்கே போகிறது. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்று போகிறது. பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவே கை கூசுகிறது. ஆகையால் இதை ஒரு நோய் என்றே எடுத்துக் கொண்டு, அது எப்படி வருகிறது, எப்படிப் போகும் என்று விளக்கமாகத் தெரிந்து கொள்ளுங்கள்.

இது புதிதாக வந்த பயம் அல்ல

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது அது தெரிய வந்தது.

அடுத்த வருஷமே, 1987இல், அதே வேலூர் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப்பும் அவருடன் இருந்தவர்களும் "எய்ட்ஸ் பயம்" என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரையை இங்கிலாந்தின் மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். கவனித்தீர்களா? கிருமி கண்டுபிடிக்கப்பட்ட ஒரே வருஷத்தில், கிருமியைப் பற்றிய பயமும் டாக்டர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் அல்ல. டாக்டர்களுக்குத் தெரிந்தது, பெயர் உள்ளது, வைத்தியமும் உள்ளது.

எப்படிப்பட்டவர்களுக்கு வருகிறது?

நம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பலருடைய பிழைப்பு வீட்டை விட்டு வெளியே இருக்கிறது. சிப்காட் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்ட், கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி ஓட்டம், வெளி மாநிலத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி இரும்பு ஆலையில் வேலை என்று நாட்கணக்கில், மாசக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் எல்லாம் தவறு செய்கிறவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனால் எங்கோ ஒரு நாள் ஒரு தவறு நடந்துவிட்டால், அது மனசில் முள்ளாகத் தங்கிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு முறை நடந்த சேர்க்கை. மூன்று மாசம் கழித்து அரசு மருத்துவமனையில் சோதனை செய்தார். இல்லை என்றார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு தனியார் சோதனைக்கூடம். அங்கேயும் இல்லை. பிறகு யாருக்கும் தெரியாமல் இருக்க ரயிலேறிச் சென்னைக்குப் போய் இன்னொன்று. அதிலும் இல்லை. இப்படி ஆறு ஏழு சோதனை ஆகிவிட்டது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக் கொண்டார். மனைவியோடு சேர்வதில்லை. அந்த அம்மாவுக்குக் காரணம் தெரியாது. "இவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ, வேறு யாராவது இருக்கிறார்களோ" என்று அவர் தனியாக அழுகிறார். கிருமி வராத வீட்டில், கிருமி வந்தால் என்னென்ன ஆகும் என்று பயந்தாரோ அதெல்லாம் நடந்து கொண்டிருக்கிறது.

பெண்களுக்கும் இது வரும். கர்ப்பமானவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வது போல எச்.ஐ.வி. சோதனையும் செய்வார்கள். யார் மேலும் சந்தேகப்பட்டுச் செய்வது அல்ல அது. பிள்ளைக்குத் தொற்றாமல் காப்பாற்றத்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதுமே சிலருக்கு மனசு கலங்கி, இல்லை என்று வந்த பிறகும் கலக்கம் தீராமல் இருக்கிறது.

சோதனை முடிவை எப்போது நம்பலாம்?

பயத்தைப் பேசுவதற்கு முன் இதைச் சரியாகத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சாதாரணமாகச் செய்யப்படும் சோதனை, கிருமியை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது உண்டாகச் சில வாரங்கள் ஆகும். ஆகையால் சந்தேகமான சேர்க்கை நடந்த மறுநாளே சோதித்துப் பயனில்லை. கடைசியாக அப்படி நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்து செய்த சோதனையில் இல்லை என்று வந்தால், இல்லை என்றுதான் அர்த்தம். வயலில் விதைத்தது முளைக்க நாள் வேண்டும். முளைக்க வேண்டிய நாளெல்லாம் தாண்டியும் நிலம் வெறுமையாக இருந்தால், அங்கே விதை விழவில்லை. ஆறாவது மாதமும், ஒரு வருஷமும் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை.

முதல் சோதனையில் இருக்கலாம் என்று வந்தால்தான் வேறு இரண்டு வகைச் சோதனைகளும் செய்து உறுதிப்படுத்துவார்கள். முதலிலேயே இல்லை என்று வந்தவருக்கு அது தேவையில்லை. அதைக் கண்டு "எனக்கு மட்டும் ஒரே சோதனையோடு விட்டுவிட்டார்களே" என்று மயங்க வேண்டாம்.

மறுபடி சோதிக்க வேண்டியவர்கள் யார்?

1. மூன்று மாதம் ஆவதற்கு முன் சோதித்தவர்கள்.
2. சோதனைக்குப் பிறகு மறுபடியும் பாதுகாப்பற்ற சேர்க்கை நடந்தவர்கள், அல்லது ஒரே ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றிக் கொண்டவர்கள்.
3. கணவன் மனைவியில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் மற்றவர், டாக்டர் சொல்லும் கால அளவில்.

இந்த மூன்றிலும் சேராதவர்களுக்கு மறுசோதனை வைத்தியம் ஆகாது. அது பயத்துக்குப் போடும் தீனி.

மூன்று மாதம் முடியாதவர்கள் அதுவரை வீட்டில் நிரோத் உபயோகிக்கவும். சந்தேகமான சேர்க்கை நடந்து 72 மணி நேரம் ஆகாதவர்கள் உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவும். டாக்டர் அவசியம் என்று கருதினால் 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. அந்த மருந்து சாப்பிட்டவர்கள், டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாட்களில் சோதித்துக் கொள்ள வேண்டும்.

மனசு ஏன் கேட்பதில்லை?

படர்தாமரை வந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அரிக்கிறது, சொறிகிறோம். சொறியும்போது சுகமாக இருக்கிறது. கையை எடுத்ததும் முன்னைவிட அதிகமாக அரிக்கிறது. சொறியச் சொறியப் பரவுகிறது. இந்தப் பயமும் அப்படித்தான். பயம் வருகிறது, ஒரு சோதனை செய்கிறோம், இல்லை என்கிறார்கள், நிம்மதி கிடைக்கிறது. "சோதனை செய்தால் நிம்மதி" என்று மனசு பழகிக் கொள்கிறது. அடுத்த முறை சின்னச் சந்தேகம் வந்தாலும் அந்த நிம்மதியைக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் நிம்மதி நிற்கும் நாள் குறைகிறது. கடைசியில் சோதனைத் தாளைக் கையில் வாங்கி வெளியே வரும்போதே அடுத்த சந்தேகம் வந்துவிடுகிறது.

சோதனை மட்டும் அல்ல. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பது, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பது, அடிக்கடி எடை போடுவது, செல்போனில் இரவெல்லாம் தேடிப் படிப்பது, "எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கண்டவரிடம் கேட்பது, இவை எல்லாமே சொறிவதுதான்.

இன்னொரு காரணம் உண்டு. பலருக்கு உள்ளே இருப்பது கிருமிப் பயம் அல்ல, குற்ற உணர்ச்சி. "நான் செய்த காரியத்துக்குத் தண்டனை வந்தே தீரும்" என்று மனசு தானே தீர்ப்பு எழுதிக் கொள்கிறது. சோதனைத் தாள் இரத்தத்தைப் பற்றிய கேள்விக்குத்தான் பதில் சொல்லும். "நான் நல்லவனா, எனக்கு மன்னிப்பு உண்டா" என்ற கேள்விக்கு எந்த ஆய்வுக்கூடமும் பதில் சொல்லாது. அதனால்தான் எத்தனை தாள் வாங்கினாலும் மனசு ஆறுவதில்லை. தவறுக்குப் பரிகாரம், இனி அதைச் செய்யாமல் இருப்பதும் குடும்பத்தை நன்றாக வைத்துக் கொள்வதும்தான். தன்னையே தினமும் கொல்வது பரிகாரம் ஆகாது.

உடம்பு காட்டும் "அடையாளங்கள்"

"இல்லை என்கிறீர்கள், ஆனால் எனக்கு உடம்பு இளைக்கிறதே" என்று கேட்பீர்கள். பயமே உடம்பில் பல வேலை செய்யும்.

பயத்தில் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், கை கால் மரத்தது போல் இருக்கும், வயிறு கலங்கிப் பேதியாகும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. எடை குறையத்தான் செய்யும். கழுத்திலும் தொடை இடுக்கிலும் சின்ன நெறிகள் ஆரோக்கியமானவர்களுக்கும் கையில் தட்டுப்படும். அவற்றைத் தினமும் அமுக்கிக் கொண்டிருந்தால் வலி எடுக்கும். நாக்கில் லேசான வெண்மை பலருக்கு உண்டு. உலை அருகே வேலை செய்கிறவருக்கு வேர்க்குருவும், ராத்திரி ஷிப்ட் பார்ப்பவருக்கு அசதியும் வருவது சகஜம்.

இருமல், காய்ச்சல், எடைக் குறைவு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்காக டாக்டரைப் பாருங்கள். காசநோயோ சர்க்கரையோ இருக்கலாம். அதற்கு உரிய சோதனை வேறு. அங்கேயும் போய் எச்.ஐ.வி. சோதனையே கேட்டு நிற்க வேண்டாம்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொசு கடித்தால் வருமா?
வராது. எச்.ஐ.வி. கிருமி கொசுவின் உடம்பில் வளராது. கொசு நம் உடம்பில் செலுத்துவது தன் எச்சிலைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அல்ல.

ஒரே தட்டில் சாப்பிட்டால், பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால், ஒரே கக்கூஸைப் பயன்படுத்தினால்?
எதிலும் வராது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பலருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழிகளில்தான் வரும்.

சலூனில் கத்தி பட்டுவிட்டதே?
கிருமி உடம்பை விட்டு வெளியே வந்தால் அதிக நேரம் தாங்காது. சவரக் கத்திக்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் வேறு தொற்றுகளும் உண்டு என்பதால், புது பிளேடு போடச் சொல்வது எப்போதும் நல்ல பழக்கம்.

உண்மையிலேயே எச்.ஐ.வி. இருந்துவிட்டால் வாழ்க்கை முடிந்ததுதானே?
இல்லை. 1986 நிலைமை இப்போது இல்லை. 2004 ஏப்ரல் மாதத்திலிருந்து அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுத்து வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்துத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேலை செய்து, பிள்ளை பெற்று, வயதாகும் வரை வாழலாம். சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. உள்ள நோய்க்கே இவ்வளவு வழி இருக்கும்போது, இல்லாத நோய்க்காக வாழ்க்கையை விட்டுவிடலாமா?

பயத்தை விரட்டும் முறை

1. சரியான நாளில் செய்த ஒரு சோதனைத் தாளைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். அதுவே கடைசித் தாள் என்று முடிவு செய்து கொள்ளுங்கள்.

2. மறுபடி சோதிக்க வேண்டும் என்று துடிப்பு வந்தால் "கூடாது" என்று மல்லுக்கட்ட வேண்டாம். "ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுங்கள். பழவேற்காட்டுக் கரையில் அலையைப் பார்த்திருப்பீர்கள். ஏறி வரும் அலை இறங்காமல் நிற்பதில்லை. பயமும் ஏறும், தானாகவே இறங்கும். சோதனை செய்யாமலே அது இறங்குகிறது என்பதை மனசு நாலைந்து முறை பார்த்துவிட்டால் பிடி தளரும். பிறகு ஒரு மணி நேரத்தை ஒரு நாளாகவும், ஒரு நாளை ஒரு வாரமாகவும் நீட்டுங்கள்.

3. கண்ணாடி பார்ப்பது, நெறியை அமுக்குவது, செல்போனில் தேடுவது, இவற்றை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். முதல் சில நாள் பயம் கூடத்தான் செய்யும். சொறிவதை நிறுத்தினால் முதலில் அரிப்பு தாங்காது அல்லவா? அதுபோல. அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம்.

4. கவலைப்பட ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் டீ குடித்த பிறகு 15 நிமிஷம். மற்ற நேரத்தில் எண்ணம் வந்தால் "சாயங்காலம் வா" என்று அனுப்பிவிட்டுக் கை வேலையைப் பாருங்கள்.

5. பயத்தினால் விட்டுவிட்ட காரியங்களைத் திரும்ப ஆரம்பியுங்கள். தனித் தட்டை எடுத்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளையைத் தூக்குங்கள். தாம்பத்திய உறவையும் விலக்கி வைக்க வேண்டாம்.

6. பயத்தை மறக்கக் குடிக்க வேண்டாம். இரவு மறக்கும், காலையில் இரண்டு மடங்காக வரும்.

7. "இரத்த சுத்தி", "இரகசிய நோய்" என்று விளம்பரம் செய்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களிடம் போக வேண்டாம். அவர்கள் உங்கள் பயத்தை வளர்த்துப் பணம் பண்ணுகிறவர்கள்.

கணவனுக்கு (அல்லது மனைவிக்கு) ஒரு வார்த்தை

உங்கள் துணை இப்படி அவதிப்பட்டால், "பைத்தியமா உனக்கு?" என்று ஏச வேண்டாம். அதற்காக ஒரு நாளைக்கு இருபது தடவை "உங்களுக்கு ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். அதுவும் சொறிந்து விடுவதுதான். ஒரு தடவை சொல்லுங்கள். அடுத்த தடவை கேட்டால், "என்னங்க, இது பயம் பேசுது. பேப்பர் பெட்டியில இருக்கு. வாங்க, மாட்டைப் பிடிச்சுக் கட்டிட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து வேலையில் இறக்குங்கள். நாலு நாள் சோதனை பற்றிப் பேசாமல் இருந்தால், "பரவாயில்லையே, நாலு நாளாச்சு" என்று பாராட்டுங்கள்.

பழைய தவறு ஒன்று இருந்து, அதை வீட்டில் சொல்லுவதா வேண்டாமா என்று தவிக்கிறவர்கள், பயத்தின் உச்சியில் நடுராத்திரியில் கொட்டிவிட வேண்டாம். முதலில் ஆலோசகரிடம் பேசுங்கள். எப்படிச் சொல்வது என்று அவர் வழி காட்டுவார். அப்படித் துணை ஒன்றைச் சொன்னால், கேட்கிறவருக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்தையும் அதே ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து போய்ப் பேசலாம்.

எங்கே போவது?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். இருவரும் சேர்ந்தே போகலாம். நீங்கள் சொல்வதை வெளியே சொல்லமாட்டார்கள். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் சோதனை செய்வதும், முடிவை வெளியிடுவதும் அதன்படி தவறு. வேலை கொடுக்க எச்.ஐ.வி. சோதனைத் தாள் கேட்கவும் கம்பெனிக்கோ காண்டிராக்டருக்கோ உரிமை இல்லை. சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

மேலே சொன்ன முறைகளை ஒரு மாசம் செய்தும் பயம் குறையாவிட்டாலும், தூக்கமும் வேலையும் கெட்டுக் கொண்டே போனாலும் மனநல டாக்டரைப் பாருங்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ போகலாம். மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. பேசிப் பழக்கி பயத்தைக் குறைக்கும் முறை உண்டு. மாத்திரையும் உண்டு. அந்த மாத்திரை குணம் காட்டச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பலனில்லை என்று விட்டுவிடவோ, சுகமானதும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவோ கூடாது.

14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். "செத்துப் போகலாம்" என்ற எண்ணம் ஒரு தரம் வந்தாலும் தள்ளிப் போடாமல் அந்த எண்ணுக்கோ 104க்கோ பேசுங்கள். அப்படிப்பட்டவரை வீட்டார் தனியாக விடக் கூடாது. பூச்சி மருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நினைவில் வைக்க

மூன்று மாதம் முடிந்து செய்த ஒரு சோதனை போதும்.
நிம்மதிக்காக இன்னொரு சோதனை செய்தால் பயம் வளரும்.
பயம் ஏறும், பொறுத்தால் இறங்கும்.
தனியாகச் சுமக்க வேண்டாம். துணையிடமும் ஆலோசகரிடமும் பேசுங்கள்.

இந்தப் பிரசுரத்தைப் படித்த பிறகு பக்கத்து வீட்டுத் தம்பதிக்கும் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.